பல்கலைக்கழகம் விரட்டிய மாணவர்

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம். அதில் ஒரு மாணவர். பட்டம் வாங்க இன்னும் மூன்று மாதமே பாக்கி. அவர் பரீட்சையில் தவறவில்லை. சம்பளம் கட்டத் தவறவில்லை. யாரையும் கை நீட்டி அடிக்கவும் இல்லை. இருந்தும் அவருடைய பெயரை வெட்டி, வெளியே போகச் சொன்னார்கள்.

அவர் செய்த குற்றம் என்ன?

அடி விழுந்தாலும் திருப்பி அடிக்காமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று மற்ற மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதுதான் குற்றம்! அந்தப் பாடத்தை அவர் ஆழமாகப் படித்த ஊர் எது தெரியுமா? நம் நாட்டில் உள்ள நாகபுரி.

அந்த மாணவரின் பெயர் ஜேம்ஸ் லாசன். கறுப்பு இனத்தவர். விரட்டப்பட்ட ஆண்டு 1960.

அம்மா கேட்ட கேள்வி

லாசன் 1928-ம் ஆண்டு பிறந்தார். ஓகையோ மாநிலத்தில் மாசிலன் என்ற ஊரில் வளர்ந்தார். தகப்பனார் பாதிரியார்.

சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் அம்மா ஏதோ வேலையாக அவரை வெளியே அனுப்பினார். வழியில் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஒரு வெள்ளைக்காரச் சிறுவன். கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல் ஒன்றைச் சொல்லி அவன் கத்தினான். லாசன் நேரே காரிடம் போனார். பளார் என்று ஓர் அறை விட்டார். பிறகு தன் வழியே நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அதைப் பெருமையோடு அம்மாவிடம் சொன்னார். அம்மா சமையல் வேலையில் இருந்தார். முகத்தைக்கூடத் திருப்பவில்லை. அதனால் என்ன நன்மை வந்தது என்று கேட்டார். இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்றார். அடித்திருந்தால்கூடப் பையன் மறந்திருப்பான். இந்தக் கேள்வியை மறக்க முடியவில்லை. தள்ளாத வயதிலும் லாசன் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வளர்ந்து கல்லூரிக்குப் போனார். அப்போது கொரியா யுத்தம் நடந்தது. பட்டாளத்தில் சேர அழைப்பு வந்தது. கொல்லும் வேலைக்கு வரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். கோர்ட்டில் 3 ஆண்டு தண்டனை கிடைத்தது. 13 மாதம் சிறையில் இருந்தார்.

நாகபுரிக்கு வந்தார்

விடுதலையான லாசன் 1953-ம் ஆண்டு கப்பலேறாத குறையாக இந்தியாவுக்கு ஓடி வந்தார் என்றே சொல்லலாம். அத்தனை ஆவல். நாகபுரியில் ஹிஸ்லாப் கல்லூரி என்று பழைய கல்லூரி ஒன்று உண்டு. அங்கே அவருக்கு வேலை. பாடம் சொல்லிக் கொடுத்தார். மாணவர்களுக்கு விளையாட்டுப் பயிற்சியும் கொடுத்தார்.

காந்தியடிகள் மறைந்து அப்போது ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. காந்தியோடு பழகியவர்கள், அவரோடு சிறைக்குப் போனவர்கள் பலர் உயிரோடு இருந்தார்கள். அப்படிப்பட்டவர்களைத் தேடிப் போய் லாசன் பேசினார். சத்தியாக்கிரகம் என்றால் சும்மா இருப்பது அல்ல. அதற்கு ஒரு பட்டாளத்துக்கு வேண்டிய அளவு பயிற்சி வேண்டும் என்பதை இங்கேதான் நன்றாகப் புரிந்துகொண்டார்.

இங்கே ஒரு பழைய செய்தியையும் சொல்ல வேண்டும். 1936-ம் ஆண்டு ஹோவர்டு தர்மன் என்ற கறுப்பு இனத்துப் பாதிரியார் இந்தியாவுக்கு வந்து காந்தியடிகளைச் சந்தித்தார். அகிம்சையின் கலப்படமில்லாத செய்தி உலகத்துக்குக் கறுப்பு மக்கள் மூலமாகவே போய்ச் சேரக்கூடும் என்று அப்போது காந்தி அவரிடம் சொன்னார். சொன்னபோது லாசனுக்கு வயது 7.

1955-ம் ஆண்டு டிசம்பர் மாதம். நாகபுரிப் பத்திரிகை ஒன்றில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவில் மாண்ட்கமரி என்ற ஊரில் கறுப்பு மக்கள் பஸ்ஸில் ஏறுவதை நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸில் வெள்ளையருக்கு ஓர் இடம், கறுப்பருக்கு ஓர் இடம் என்ற முறையை எதிர்த்து நடந்தே வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்குத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் என்ற இளம் பாதிரியார். இதைப் படித்த லாசன் துள்ளிக் குதித்தார்.

அடுத்த ஆண்டு ஊர் திரும்பினார். 1957-ம் ஆண்டு கிங்கைச் சந்தித்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. படிப்பை முடித்துவிட்டுத் தென் மாநிலங்களுக்கு வருகிறேன் என்றார் லாசன். காத்திருக்காதீர்கள், இப்போதே வாருங்கள் என்றார் கிங். உங்களைப் போல அகிம்சையைப் படித்தவர் எங்களிடம் யாரும் இல்லை என்றும் சொன்னார்.

கிளம்பிவிட்டார் லாசன். போய்ச் சேர்ந்த ஊர் நாஷ்வில்.

சோப்பு வாங்கலாம், காபி குடிக்கக்கூடாது!

நாஷ்வில், டென்னசி மாநிலத்தின் தலைநகரம். கல்லூரிகள் நிறைந்த ஊர். வெள்ளையர் பிள்ளைகளுக்கு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம். கறுப்பர் பிள்ளைகளுக்கு பிஸ்க் பல்கலைக்கழகம், மெஹாரி மருத்துவக் கல்லூரி, இன்னும் சில. வாண்டர்பில்ட் மட்டும் 1953-ம் ஆண்டு முதல் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருந்தது. பாதிரியார்களுக்குப் பாடம் சொல்லும் இறையியல் பள்ளியில் ஒன்றிரண்டு கறுப்பர்களைச் சேர்த்துக்கொண்டது. அந்தக் கதவு வழியாகத்தான் லாசன் உள்ளே போனார்.

அந்த ஊரின் பெரிய கடைகளில் ஒரு வேடிக்கை. வேடிக்கை என்று இப்போது சொல்கிறோம். அன்று அது வேதனை. கறுப்பர்கள் கடைக்குள் போகலாம். துணி வாங்கலாம். சோப்பு, சீப்பு, பள்ளிக்கூட நோட்டு எல்லாம் வாங்கலாம். அவர்கள் கொடுக்கும் காசுக்கு நிறம் இல்லை. ஆனால் அதே கடையின் ஒரு மூலையில் சிற்றுண்டிப் பகுதி இருக்கும். நீளமான மேஜை, அதன் முன்னால் வரிசையாக ஸ்டூல். அதில் அவர்கள் உட்காரக்கூடாது. வெள்ளையருக்கு மட்டும்தான் இடம். கைக்குழந்தையோடு வந்த தாய், கால் வலிக்கிறதே என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து ஒரு கோப்பை காபி குடிக்க முடியாது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. தனித் தம்ளர் வைத்த டீக்கடைகள் நம் ஊர்களிலும் இருந்தன.

அடி வாங்கப் பயிற்சி

ஒரு மாதாகோவிலின் கீழ்த்தளத்தில் லாசன் வகுப்பு ஆரம்பித்தார். மாலை நேரத்தில் மாணவர்கள் வந்தார்கள். முதலில் சிலர்தான்.

வகுப்பு எப்படி நடந்தது? நாடகம் போல நடந்தது. நாற்காலிகளை வரிசையாகப் போடுவார்கள். சிலர் கறுப்பு மாணவர்களாகவே உட்காருவார்கள். சிலர் வெள்ளைக்கார முரடர்களாக நடிப்பார்கள். முரடர் வேடம் போட்டவர்கள் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவார்கள். முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள். நாற்காலியைப் பிடுங்குவார்கள். உட்கார்ந்திருப்பவர் பொறுமை இழந்து ஒரு வார்த்தை பேசிவிட்டாலும் போச்சு. மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். கீழே தள்ளினால் தலையை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது, பக்கத்தில் இருப்பவரை அடித்தால் குறுக்கே போய் எப்படி அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்வது என்பதெல்லாம் பாடம்.

டயேன் நாஷ் என்ற பெண் பிஸ்க் பல்கலைக்கழக மாணவி. (ஊரின் பெயருக்கும் இவர் பெயருக்கும் சம்பந்தம் இல்லை.) வடக்கே சிக்காகோவில் வளர்ந்தவர். நாஷ்விலுக்கு வந்த பிறகு ஒரு கண்காட்சிக்குப் போனார். அங்கே பெண்கள் கழிப்பறையில்கூட நிறத்துக்கு ஒரு பலகை மாட்டியிருந்ததைப் பார்த்தார். மனம் கொதித்துத்தான் லாசனின் வகுப்புக்கு வந்தார். ஆனால் வந்த புதிதில் அவருக்கு நம்பிக்கையே இல்லை. அடி வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் உரிமை கிடைக்குமா, இது நடக்கிற காரியமா என்றுதான் நினைத்தார். வேறு யாரும் எந்த வழியும் சொல்லாததால் தொடர்ந்து வந்தார். கடைசியில் மாணவர்களுக்குத் தலைவியே அவர்தான்!

இன்னொருவர் ஜான் லூயிஸ். அலபாமா மாநிலத்துக் குத்தகை விவசாயியின் மகன். பாதிரியார் படிப்புக்காக நாஷ்வில் வந்தவர். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை.

1960-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் நான்கு கறுப்பு மாணவர்கள் ஒரு கடையின் சிற்றுண்டி மேஜையில் போய் உட்கார்ந்தார்கள். செய்தி நாடெங்கும் பரவியது. நாஷ்வில் மாணவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி செய்து தயாராக இருந்தார்கள். பிப்ரவரி 13-ந் தேதி, பனி கொட்டிக் கிடந்த ஒரு சனிக்கிழமை, சுமார் 120 பேர் மூன்று கடைகளுக்குள் நுழைந்தார்கள். கோவிலுக்குப் போவது போல நல்ல உடை. கையில் பாடப் புத்தகம். ஏதாவது ஒரு பொருள் வாங்கினார்கள். பிறகு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்கள். பலகாரம் கேட்டார்கள். கொடுக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்தார்கள்.

பெரிய சனிக்கிழமை

பிப்ரவரி 27-ந் தேதியும் சனிக்கிழமை. அன்று காலையில் மாணவர்களுக்கு ஒரு சிறு காகிதம் கொடுக்கப்பட்டது. ஜான் லூயிசும் அவருடைய நண்பர் ஒருவரும் தயாரித்த விதிகள் அதில் இருந்தன. அடித்தால் திருப்பி அடிக்காதே, திட்டினால் திருப்பித் திட்டாதே, மேஜையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார், எல்லாரிடமும் மரியாதையாக நட, தலைவர் சொல்லும் வரை இடத்தை விட்டு எழாதே - இப்படி.

கடைகளுக்கு வெளியே வெள்ளைக்கார இளைஞர் கூட்டம் காத்திருந்தது. உள்ளே புகுந்தது. ஸ்டூலில் இருந்தவர்களை இழுத்துக் கீழே போட்டு உதைத்தார்கள். எரியும் சிகரெட்டை முதுகில் வைத்து அழுத்தினார்கள். மாணவர்களோடு உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார மாணவர் ஒருவருக்கும் நல்ல அடி. ஒரு மாணவர்கூடக் கை ஓங்கவில்லை.

பிறகு போலீசார் வந்தார்கள். யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? அடி வாங்கியவர்களை! அவர்கள் எழுந்து போனதும், காலியான ஸ்டூல்களில் அடுத்த வரிசை மாணவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களையும் பிடித்தார்கள். மூன்றாவது வரிசை வந்தது. சுமார் 80 பேர் கைதானார்கள்.

கோர்ட்டில் ஆளுக்கு 50 டாலர் அபராதம். பணம் கட்ட மறுத்துவிட்டுச் சிறைக்குப் போனார்கள். அநியாயத்துக்கு நாங்களே பணம் கொடுத்து உதவ மாட்டோம் என்பது டயேன் நாஷ் நீதிபதியிடம் சொன்னதின் சாரம்.

பெயர் வெட்டப்பட்டது

இதற்கெல்லாம் பின்னால் இருப்பவர் யார் என்று ஊர் தேடியது. வாண்டர்பில்ட் மாணவர் லாசன் என்று தெரிந்தது. "நாஷ்வில் பானர்" என்ற மாலைப் பத்திரிகை அவரைக் கலகக்காரர் என்று எழுதித் தாக்கியது. அந்தப் பத்திரிகையின் முதலாளி ஜேம்ஸ் ஸ்டால்மன். அவரே வாண்டர்பில்ட் நிர்வாக சபையிலும் ஓர் உறுப்பினர்! குற்றம் சாட்டுகிறவரும் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

சட்டத்தை மீறும்படி மாணவர்களைத் தூண்டுகிறார் என்பது லாசன்மேல் குற்றச்சாட்டு. சட்டத்தின்மேல் தனக்கு வெறுப்பு இல்லை, ஒரு மக்களை ஒடுக்க அதை ஆயுதமாகப் பயன்படுத்தும்போது பணிய முடியாது என்பதே தன் நிலை என்று லாசன் விளக்கினார். விளக்கம் எடுபடவில்லை. நீங்களாக விலகிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நாங்கள் நீக்குவோம் என்றார்கள். லாசன் விலக மறுத்தார். மார்ச் 3-ந் தேதி நீக்கப்பட்டார். மறுநாள் ஒரு மாதாகோவிலில் இருந்த அவரைப் போலீசார் கைது செய்து கொண்டுபோனார்கள். அவருக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அதே ஊரில், சில தெரு தள்ளி இருந்த பிஸ்க் பல்கலைக்கழகத்தில் என்ன நடந்தது? அதன் தலைவர் ஸ்டீபன் ரைட், மாணவர்கள் செய்வது சரி என்று வெளிப்படையாகச் சொன்னார்.

வாண்டர்பில்ட் துணைவேந்தர் ஹார்வி பிரான்ஸ்கோம் கெட்ட மனிதர் அல்ல. வேத நூல் படித்த அறிஞர். இறையியல் பள்ளியில் கறுப்பர்களைச் சேர்த்ததே அவர் காலத்தில்தான். பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுப்பவர்களும் வேண்டும், நல்ல பெயரும் வேண்டும் என்று இரண்டு படகில் கால் வைத்திருந்தார். படகுகள் விலகின.

வேலையைத் துறந்த ஆசிரியர்கள்

இனி நடந்ததுதான் பல்கலைக்கழகம் எதிர்பாராதது. இறையியல் பள்ளியின் ஆசிரியர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் வெள்ளையர்கள். மாதச் சம்பளக்காரர்கள். வீடும் பிள்ளைகுட்டியும் உள்ளவர்கள். அன்பைப் பற்றி வகுப்பில் பாடம் சொல்லிவிட்டு, அதைச் செய்து காட்டிய மாணவனை வெளியே தள்ளினால் நாளைக்கு எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவது? லாசனைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள். மாதங்கள் ஓடின. நிர்வாகம் மறுத்துவிட்டது.

மே மாதக் கடைசியில் பள்ளியின் தலைமை ஆசிரியர் ராபர்ட் நெல்சன் ராஜினாமா செய்தார். அவரோடு ஆசிரியர்களில் பெரும்பாலோர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். மருத்துவம், விஞ்ஞானத் துறைகளில் இருந்த பேராசிரியர்கள் சிலரும் நாங்களும் போவோம் என்றார்கள். பல்கலைக்கழகம் ஆடிப்போனது.

ஜூன் மாதம் ஒரு சமரசம் ஏற்பட்டது. லாசன் விரும்பினால் வாண்டர்பில்ட் பட்டத்தைப் பெற வழி செய்வதாகச் சொன்னார்கள். ஆசிரியர்கள் ராஜினாமாவைத் திரும்பப் பெறலாம். ஆனால் நெல்சன் மட்டும் திரும்ப முடியாது. அவர் ராஜினாமா ஏற்கப்பட்டது. ஒருவர் தலையாவது உருள வேண்டும் அல்லவா?

லாசன் அந்தப் பட்டத்தை வாங்க வரவில்லை. கிங் படித்த பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அங்கே படிப்பை முடித்தார்.

மேயர் சொன்ன பதில்

இதற்குள் நாஷ்வில் கடைகளில் வியாபாரம் படுத்துவிட்டது. நம் ஊரில் தீபாவளிக்கு ஜவுளி எடுப்பதுபோல, அங்கே ஈஸ்டர் பண்டிகைக்குக் குடும்பத்தோடு புதுத் துணி எடுப்பார்கள். அந்த ஆண்டு கறுப்பு மக்கள் பழைய துணியோடு கோவிலுக்குப் போனார்கள்.

ஏப்ரல் 19-ந் தேதி விடியற்காலையில் ஒரு வெடிகுண்டு வெடித்தது. மாணவர்களுக்காக வாதாடிய கறுப்பு இன வக்கீல் லூபியின் வீடு நொறுங்கியது. அவரும் மனைவியும் தெய்வாதீனமாகப் பிழைத்தார்கள். பக்கத்தில் இருந்த மருத்துவக் கல்லூரியில் நூற்றுக்கு மேற்பட்ட கண்ணாடிகள் தூளாயின.

அன்றே ஆயிரக்கணக்கான மாணவர்களும் ஊர் மக்களும் நகரசபைக்கு நடந்தார்கள். கோஷம் இல்லை. பேச்சு இல்லை. காலடிச் சத்தம் மட்டும். மேயர் பென் வெஸ்ட் வெளியே வந்தார். டயேன் நாஷ் அவரைக் கேட்டார்: நிறத்தை வைத்து மனிதரை ஒதுக்குவது தவறு என்று நீங்கள் ஒரு மனிதராக நினைக்கிறீர்களா? கடையில் பொருளை விற்றுவிட்டு, உட்கார மட்டும் இடம் இல்லை என்பது நியாயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது என்றார் மேயர். அப்படியானால் சிற்றுண்டி மேஜைகளை எல்லாருக்கும் திறக்க வேண்டுமா என்று அந்தப் பெண் விடவில்லை. ஆம் என்றார்.

மே 10-ந் தேதி ஆறு கடைகளில் கறுப்பர்களுக்குக் காபி கொடுத்தார்கள்.

நாற்பத்தாறு ஆண்டுக்குப் பிறகு

வாண்டர்பில்ட் எல்லா வகுப்புகளிலும் கறுப்பர்களைச் சேர்க்க 1962-ம் ஆண்டு முடிவு செய்தது. மாணவர்களுக்குள்ளேயே அப்போது இரண்டு கட்சி. சேர்க்க வேண்டும் என்று எழுதிய மாணவர் பத்திரிகை ஆசிரியர் லாமர் அலெக்சாண்டர் பிற்காலத்தில் டென்னசி கவர்னர் ஆனார்.

கறுப்பர்களின் கல்லூரி என்றால் எப்போதும் மாணவர் பக்கம் நின்றது என்றும் நினைத்துவிடக்கூடாது. 1961-ம் ஆண்டு பஸ் பயணப் போராட்டத்தில் கலந்துகொண்ட 14 மாணவர்களை நாஷ்விலில் இருந்த அரசுக் கறுப்பர் பல்கலைக்கழகம் நீக்கியது. 2008-ம் ஆண்டு அவர்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. சிலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

லாசன் பாதிரியாராக வாழ்ந்தார். 1968-ம் ஆண்டு மெம்பிஸ் நகரில் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம். அதற்கு ஆதரவு தர வாருங்கள் என்று கிங்கை அழைத்தவர் இவர்தான். அந்த ஊரில்தான் ஏப்ரல் 4-ந் தேதி கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காகத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஜேம்ஸ் ஏர்ல் ரே 1978-ம் ஆண்டு சிறையிலேயே திருமணம் செய்துகொண்டார். அந்தத் திருமணத்தை நடத்தி வைத்த பாதிரியார் யார்? லாசன்!

ஜான் லூயிஸ் 1987-ம் ஆண்டு அமெரிக்கப் பார்லிமெண்டுக்குள் நுழைந்தார். 2020-ம் ஆண்டு இறக்கும் வரை அங்கே உறுப்பினராக இருந்தார்.

துணைவேந்தர் பிரான்ஸ்கோம் 103 வயது வரை வாழ்ந்தார். லாசனை நீக்கியது அவர் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. விஷயத்தை ஒரு குழுவுக்கு அனுப்பியிருந்தால் மூன்று மாதம் ஓடியிருக்கும், அதற்குள் லாசனும் பட்டம் வாங்கிப் போயிருப்பார். அது தோன்றாமல் போயிற்றே என்று பிற்காலத்தில் வருந்தினார். குழு போட்டுக் காலம் கடத்துவதை எல்லாரும் குறை சொல்கிறோம். காலம் கடத்தவில்லையே என்று வருந்தியவர் இவர் ஒருவர்தான் போலும்!

2006-ம் ஆண்டு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் லாசனை அழைத்தது. மாணவராக அல்ல, பேராசிரியராக. 80-ஐ நெருங்கிய வயதில், தன்னை விரட்டிய வளாகத்தில் அவர் வகுப்பு எடுத்தார். தன் வாழ்நாள் கடிதங்களையும் காகிதங்களையும் பிறகு அதே பல்கலைக்கழக நூல் நிலையத்துக்குக் கொடுத்தார்.

நாஷ்வில் நகரில் 2023-ம் ஆண்டு ஒரு புதிய உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. அதற்கு ஜேம்ஸ் லாசன் பள்ளி என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 9-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் லாசன் காலமானார். அவருக்கு வயது 95.